இடிப்பதற்காகவே கட்டுகிறவர்!

படம் முடிந்தது. கூட்டம் கொட்டகையை விட்டு வெளியே வருகிறது.

"பாட்டு பிரமாதம்!" என்கிறான் ஒரு கல்லூரி மாணவன்.

"என்னமாய் அழுகிறாள்! நிஜமாகவே அழுத மாதிரி இருந்தது" என்கிறார் ஓர் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

சிறுவன் ஒருவன் கையை முறுக்கி, கதாநாயகன் குத்தியது போலக் காற்றில் குத்திக் காட்டுகிறான்.

பாட்டிக்கு வேறு ஆசை. "அந்த வீடு எவ்வளவு அழகு! அந்த முற்றமும், அந்த ஊஞ்சலும்! அப்படி ஒரு வீட்டில் ஒரு நாளாவது இருந்துவிட்டுச் சாகவேண்டும்" என்று பெருமூச்சு விடுகிறார்.

பாட்டிக்கு ஒரு செய்தி தெரியாது. அந்த வீட்டில் யாரும் ஒரு நாள் கூட இருக்க முடியாது. அதற்குக் கூரை கிடையாது. அதன் மாடிப்படி எந்த மாடிக்கும் போகாது. தேக்குமரத் தூண் என்று நினைத்தது பிளாஸ்டர் ஆப் பாரிஸ். கருங்கல் சுவர் என்று நினைத்தது வெறும் ஒட்டுப்பலகை. படப்பிடிப்பு முடிந்த சில நாளில் அந்த வீடு உடைக்கப்பட்டு, லாரியில் ஏறிப் போயிருக்கும்!

அந்த வீட்டைக் கட்டியவர் ஒரு மனிதர். கட்டும்போதே, இது இடியப் போகிறது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கட்டினார். இரவு பகலாகக் கட்டினார்.

அவர் பெயர் என்ன? கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது!

அவருக்குக் கலை இயக்குனர் என்று பெயர். இப்போது 'புரொடக்‌ஷன் டிசைனர்' என்றும் சொல்கிறார்கள். படத்தில் கண்ணுக்குத் தெரிகிற வீடு, வீதி, கோயில், குடிசை, அரண்மனை, அடுப்பு, விளக்கு எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி அவரே. அவரோடு தச்சர், மோல்டர், பெயிண்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், சாமான் எடுத்து வைக்கும் பையன் என்று ஒரு பட்டாளமே உழைக்கிறது.

இவர்களுக்கு ஊரும் உலகமும் மூன்று கடன் பாக்கி வைத்திருக்கின்றன. ஒன்று, உயிருக்குப் பாதுகாப்பு. இரண்டு, செய்த வேலைக்கு அழியாத சாட்சி. மூன்று, பெயர். இந்தக் கடன்களின் கனம் தெரியவேண்டுமானால், முதலில் அந்த வேலை என்னவென்று தெரியவேண்டும்.

ஒரு வரி, இருபது கேள்வி!

கதை எழுதி முடிந்ததும் அது கலை இயக்குனரின் கைக்கு வருகிறது. அவர் அதைப் படிக்கிற விதமே வேறு.

"ராமசாமி வீட்டுக்குள் வந்தான்" என்று கதையில் ஒரு வரி இருக்கிறது. மற்றவர்களுக்கு அது ஒரு வரி. அவருக்கு அது இருபது கேள்வி! எந்த ஊர்? எந்த வருஷம்? சொந்த வீடா, வாடகை வீடா? ராமசாமிக்குச் சம்பளம் என்ன? வீட்டில் எத்தனை பேர்? குழந்தை உண்டா? சுவரில் தொங்குவது சாமி படமா, தலைவர் படமா? அடுப்பு விறகா, மண்ணெண்ணெயா, கேஸா? நாற்காலி உண்டா, பாய்தானா? நாள்காட்டியில் என்ன மாதம்?

இவ்வளவுக்கும் கதையில் பதில் இராது. அவர்தான் தேட வேண்டும். பழைய போட்டோக்களைப் பார்க்கிறார். கிராமத்துக்குப் போய்த் திண்ணையை அளக்கிறார். முதியவர்களைக் கேட்கிறார். பிறகு பென்சிலை எடுக்கிறார்.

முதலில் ஒரு சித்திரம். அதை டைரக்டர் ஒப்புக்கொண்டால், அளவோடு ஒரு வரைபடம். பெரிய செட் என்றால், அட்டையில் பொம்மை வீடு போல ஒரு மாதிரி. பிறகு செலவுக் கணக்கு. பலகை எவ்வளவு, ஆணி எவ்வளவு, ஆள் எத்தனை, நாள் எத்தனை? தயாரிப்பாளர் பாதியாகக் குறைக்கச் சொல்வார். பாதிப் பணத்தில் முழு அரண்மனை கட்டுவது எப்படி என்று அவர் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். காமிரா பார்க்கும் பக்கத்தை மட்டும் கட்டுவது, ஒரே தூணை நான்கு இடத்தில் நிறுத்துவது, ஒரே கூடத்துக்குச் சாயம் மாற்றி இரண்டு வீடாக்குவது என்று அவரிடம் நூறு உபாயம் உண்டு.

காமிராமேனோடும் உட்கார்ந்து பேச வேண்டும். சுவர் நான்கும் இருந்தால் காமிராவை எங்கே வைப்பது? ஆகவே கழற்றி மாட்டக்கூடிய சுவராகச் செய்கிறார்கள். காமிரா வரும்போது சுவர் விலகும். மேலேயிருந்து விளக்கு வரவேண்டும் என்பதால்தான் பல செட்டுகளுக்குக் கூரையே இல்லை. கதாநாயகிக்கு நீலப் புடவை என்றால் சுவரும் நீலமாக இருக்கக் கூடாது. இருந்தால் அவள் சுவரோடு சுவராகிவிடுவாள்!

பழசாக்குவதுதான் கஷ்டம்

புதிய வீடு கட்டுவது சுலபம். பழைய வீடு கட்டுவதுதான் கஷ்டம்.

ஐம்பது வருஷத்து வீட்டை ஐந்தே நாளில் கட்டவேண்டும். சுவரில் எங்கே அழுக்கு சேரும்? சுவிட்சுக்குப் பக்கத்தில் சேரும். கட்டில் தலைமாட்டில் எண்ணெய்க் கறை இருக்கும். அடுப்புக்கு மேலே கரி படியும். ஜன்னலுக்குக் கீழே மழை நீர் வழிந்த கோடு தெரியும். குழந்தை இருக்கிற வீடு என்றால், அதன் கை எட்டுகிற உயரத்தில் கிறுக்கல் இருக்கும். அந்த உயரத்துக்கு மேலே இருக்காது!

இதையெல்லாம் பெயிண்டர் ஒவ்வொன்றாகச் செய்கிறார். ஸ்பாஞ்சில் சாயம் தொட்டு ஒற்றுகிறார். உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிறார். வெள்ளைத் துணி புதிதாகப் பளபளத்தால், டீத் தண்ணீரில் முக்கி எடுத்துப் பழுப்பாக்குகிறார்கள். பார்ப்பவர் யாரும் இதைக் கவனித்துப் பாராட்டப் போவதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால், "என்னமோ பொய்யாக இருக்கிறதே" என்று எல்லாரும் சொல்வார்கள். கண்ணில் படாமல் இருப்பதே இந்த வேலைக்குக் கிடைக்கும் நல்ல பெயர். அதனால்தானோ என்னவோ, வேலை செய்தவரும் கண்ணில் படாமலே போய்விட்டார்!

தீயில் பிறந்த பட்டம்

'புரொடக்‌ஷன் டிசைனர்' என்ற பட்டம் அமெரிக்காவில் பிறந்தது. 1939-ல் வெளிவந்த 'கான் வித் த விண்ட்' படத்தில்தான் அது முதன்முதலில் பெரிய அளவில் பெயர் பெற்றது. அதைப் பெற்றவர் வில்லியம் காமிரான் மென்சீஸ். கொடுத்தவர் படத்தின் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக்.

அந்தப் படத்துக்கு டைரக்டர்கள் ஒருவர் பின் ஒருவராக மாறினார்கள். படம் சிதறிப்போகாமல், அதன் தோற்றத்தையும் நிறத்தையும் ஒரே சீராகப் பிடித்து நிறுத்தியவர் மென்சீஸ். காட்சிகளை முன்கூட்டியே சித்திரமாக வரைந்து வைத்தார். செட் போடுகிறவர் என்ற பெயர் இவ்வளவு வேலைக்குப் போதாது என்று எண்ணியே செல்ஸ்னிக் புதுப் பட்டம் கொடுத்தார்.

அந்தப் படத்தில் அட்லாண்டா நகரம் தீப்பற்றி எரியும் காட்சி ஒன்று உண்டு. 1938 டிசம்பர் 10-ந் தேதி இரவு அதைப் பிடித்தார்கள். எரிந்தது என்ன தெரியுமா? ஸ்டூடியோவில் கிடந்த பழைய செட்டுகள்! 1933-ல் வந்த 'கிங் காங்' படத்தில், ராட்சதக் குரங்கைத் தடுத்து நிறுத்திய பிரம்மாண்டமான சுவரும் அந்தத் தீயில் வெந்தது. புதிய செட்டுக்கு இடமும் கிடைத்தது, காட்சியும் கிடைத்தது. ஒருவர் கட்டிய சுவர், இன்னொருவர் படத்துக்கு விறகானது!

ஆஸ்கார் பரிசில் இந்தக் கலைக்கு ஆரம்பத்திலிருந்தே இடம் உண்டு. முதல் விழாவிலேயே மென்சீஸ் அதைப் பெற்றார். வெகு காலம் 'ஆர்ட் டைரக்‌ஷன்' என்று இருந்த அந்தப் பரிசின் பெயரை, 2012-ல் 'புரொடக்‌ஷன் டிசைன்' என்று மாற்றினார்கள்.

சென்னைக்கு வந்த தாராவி

அமெரிக்கா வரை போவானேன்? சென்னையிலேயே இந்தக் கலை செழித்தது.

1948-ல் வந்த 'சந்திரலேகா'வை யார் மறப்பார்? ஜெமினி எஸ்.எஸ்.வாசன் எடுத்த படம். அதில் பெரிய பெரிய முரசுகள் மேல் நூற்றுக்கணக்கானவர்கள் ஆடும் நடனம் வருகிறது. கடைசியில் முரசுக்குள்ளிருந்து வீரர்கள் குதிக்கிறார்கள்! வாசன் பெயர் தெரியும். ராஜகுமாரி பெயர் தெரியும். அந்த அரண்மனையையும் காட்சிகளையும் உருவாக்கிய கலை இயக்குனர் ஏ.கே.சேகர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

1987-ல் 'நாயகன்' வந்தது. பம்பாய் தாராவியில் நடக்கிற கதை. ஒண்டுக் குடிசைகள், குறுகிய சந்துகள், தகரக் கூரைகள், சாக்கடைகள்! பார்த்தவர்கள், "பம்பாய்க்கே போய் எடுத்திருக்கிறார்கள்" என்றார்கள். ஆனால் அந்தத் தாராவியின் பெரும் பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் எழுந்த செட்! அதைக் கட்டியவர் தோட்டா தரணி. அந்தப் படத்துக்கு மூன்று தேசிய விருதுகள் கிடைத்தன. நடிப்புக்குக் கமலஹாசன், ஒளிப்பதிவுக்கு பி.சி.ஸ்ரீராம், கலை இயக்கத்துக்குத் தோட்டா தரணி. 1996-ல் வந்த 'இந்தியன்' படத்துக்காக அவர் மறுபடியும் அந்த விருதைப் பெற்றார். அவருடைய தந்தை தோட்டா வெங்கடேஸ்வர ராவும் இதே தொழில் செய்தவர்தான்.

பூம்புகாரில் பிறந்த பி.கிருஷ்ணமூர்த்தியும் இந்த வரிசையில் வருகிறார். பாரதியாரின் வாழ்க்கையைச் சொல்லும் 'பாரதி' படம் 2000-ல் வந்தது. பாரதி வாழ்ந்த வீடும் வீதியும் எப்படி இருந்திருக்கும்? அவர் உடுத்திய உடை எப்படி இருந்திருக்கும்? இரண்டையும் வடித்தவர் கிருஷ்ணமூர்த்தி. கலைக்கு ஒன்று, உடைக்கு ஒன்று என இரண்டு தேசிய விருதுகள் அதற்காக அவருக்குக் கிடைத்தன. 2020 டிசம்பரில் அவர் காலமானார். அன்றுதான் அவர் பெயரையே முதன்முதலாகக் கேட்டவர்கள் பலர்!

கல்கத்தாவில் ஒரு காசி

கலை இயக்குனர் என்றால் ஆடம்பரம் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. தங்க முலாம், நூறு தூண், ஆயிரம் விளக்கு! அது பாதி உண்மைதான். மீதிப் பாதியைக் காட்டியவர் பன்சி சந்திரகுப்தா.

பன்சி சியால்கோட்டில் பிறந்தவர். காஷ்மீரில் வளர்ந்தவர். ஓவியராகும் ஆசையோடு கல்கத்தாவுக்கு வந்தார். அங்கே சத்யஜித் ராயின் நட்பு கிடைத்தது. 1955-ல் வந்த 'பாதேர் பாஞ்சாலி' முதல் ராயின் பல படங்களுக்கு அவரே கலை இயக்குனர்.

1956-ல் 'அபராஜிதோ'. ஓர் ஏழைக் குடும்பம் காசியில் குடியிருக்கும் வீடு வேண்டும். மழைக்காலத்தை நினைத்துப் பயந்து, அந்த வீட்டைக் கல்கத்தா ஸ்டூடியோவிலேயே கட்டிவிட்டார் பன்சி. நடுவில் முற்றம். சுற்றிலும் உயர்ந்த சுவர். காசி வீடுகளில் வெயில் நேராக உள்ளே விழாது. மேலேயிருந்து மெதுவாக இறங்கும். நிழலே தெரியாத வெளிச்சம் அது. ஸ்டூடியோ விளக்கைப் போட்டால் ஆளுக்கு நான்கு நிழல் விழும்! என்ன செய்வது?

காமிராமேன் சுப்ரதா மித்ரா ஒரு வழி கண்டார். முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்கைக் கீழேயிருந்து துணி மேல் அடித்தார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், வானத்து வெளிச்சம் போலவே இறங்கியது. பன்சியின் சுவரும், மித்ராவின் வெளிச்சமும் சேர்ந்து கல்கத்தாவில் ஒரு காசியைப் படைத்துவிட்டன! 1966-ல் ராய் எடுத்த 'நாயக்' படத்தில் ஓடுகிற ரெயில் பெட்டியும் பன்சி செய்த செட்தான். அதில் தங்கமும் இல்லை, தூணும் இல்லை. உண்மை இருந்தது.

இதற்கு நேர் எதிரான கதை 'மொகல்-ஏ-ஆஜம்'. 1960-ல் வெளிவந்த படம். அதில் வரும் கண்ணாடி மாளிகையை எம்.கே.சையத் கட்டினார். 150 அடி நீளம், 80 அடி அகலம், 35 அடி உயரம்! பெல்ஜியம் கண்ணாடித் துண்டுகளைப் பதித்தார்கள். கட்டி முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. முடித்து விளக்கைப் போட்டால், கண்ணாடி எல்லாம் மின்னிக் காமிராவின் கண்ணைக் கூசச் செய்தன! "இதைப் படம் பிடிக்கவே முடியாது" என்றார்கள். கடைசியில் கண்ணாடி மேல் லேசாக மெழுகு பூசினார்கள். வெளிச்சத்தைத் துணியில் பட்டுத் திரும்ப வைத்தார்கள். காமிராமேன் ஆர்.டி.மாத்தூர் படம் பிடித்து முடித்தார்.

ஏழை வீடானாலும், கண்ணாடி மாளிகையானாலும் பாடம் ஒன்றே. காமிராவுக்கு ஒத்துவராத அழகு அழகே அல்ல.

வீட்டுக்குள் வந்த செட்

இப்போது சினிமா கொட்டகைக்குப் போகாதவரும் செட் பார்க்கிறார்கள். டெலிவிஷன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. தினமும் மாலையில் ஒரு மாமியார், ஒரு மருமகள், ஒரு கூடம், ஒரு சோபா!

சினிமாவுக்கு ஒரு செட் சில வாரம் நின்றால் போதும். தொடருக்கு வருஷக் கணக்கில் நிற்க வேண்டும். அதற்குள் சோபா கிழியும். திரை வெளுக்கும். நேற்று மேஜைக்கு இடது பக்கம் இருந்த பூச்சாடி இன்று வலது பக்கம் போனால், வீட்டில் பார்க்கிற குழந்தை உடனே பிடித்துவிடும். ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் போட்டோ எடுத்து வைத்து, அடுத்த நாள் அதே இடத்தில் அதே சாமானை வைக்க வேண்டும்.

உலகப் புகழ் பெற்றவர்களே இதில் சறுக்கினார்கள். 'கேம் ஆப் த்ரோன்ஸ்' என்பது ராஜா காலத்துக் கதை போன்ற பெரிய தொடர். 2019 மே மாதம் ஒளிபரப்பான ஒரு பகுதியில், விருந்து மேஜை மேல் இந்தக் காலத்துக் காப்பிக் கோப்பை ஒன்று! யாரோ குடித்துவிட்டு வைத்துவிட்டார்கள். உலகமே சிரித்தது. பிறகு கம்ப்யூட்டர் மூலம் அதை அழித்தார்கள். ஆயிரம் சாமான் சரியாக இருந்ததை யாரும் பேசவில்லை. ஒரு கோப்பை தப்பாக இருந்ததை எல்லாரும் பேசினார்கள். இந்தத் தொழிலின் தலைவிதி அது!

முதல் கடன்: உயிர்

ஒரு கோப்பை தவறினால் சிரிப்பு. ஒரு மின்சாரக் கம்பி தவறினால்?

1989 பிப்ரவரி 8-ந் தேதி, மைசூரில் ஒரு ஸ்டூடியோ. திப்பு சுல்தான் வரலாற்றை டெலிவிஷன் தொடராக எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தீ! 62 பேர் மாண்டார்கள். தொடரை எடுத்த சஞ்சய் கானும் படுகாயம் அடைந்தார்.

காரணம் என்ன? சரியாகப் பொருத்தாத மின்சாரக் கம்பிகள். காற்று போக வழியில்லாத கூடம். சுவரில் தீப்பிடிக்காத பொருளுக்குப் பதிலாகச் சாக்குகள். கொதிக்கும் பெரிய விளக்குகள். இந்த நான்கும் சேர்ந்தால் தீப்பிடிக்காமல் என்ன செய்யும்?

2020 பிப்ரவரி 19-ந் தேதி இரவு, சென்னைக்கு அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து விழுந்தது. 3 பேர் உயிர் போயிற்று. மூவரும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்கள்.

செட் என்பதே தற்காலிகக் கட்டிடம். பலகை, துணி, தெர்மாகோல், பெயிண்ட் எல்லாம் சீக்கிரம் தீப்பற்றும் பொருள்கள். அவசரத்தில் கட்டுகிறார்கள். நடுராத்திரியிலும் கட்டுகிறார்கள். உயரத்தில் சாரம் கட்டி ஏறுகிறார்கள். தெருவில் நாலு மாடி வீடு கட்டினால் அதிகாரி வந்து பார்க்கிறார். நூறு பேர் ஆடப்போகும் அரண்மனையையும் ஒருவர் வந்து பார்க்க வேண்டாமா?

இரண்டு வாசல் வேண்டும். தீயணைக்கும் கருவி வேண்டும். மின்சாரக் கம்பியைத் தகுதியுள்ள ஆள் சோதிக்க வேண்டும். உயரத்தில் ஏறுகிறவருக்கு இடுப்புப் பட்டை வேண்டும். ஒவ்வொருவர் பேரிலும் இன்ஷூரன்ஸ் வேண்டும். கோடிக் கணக்கில் செலவு செய்கிற தொழிலுக்கு இது பெரிய செலவல்ல. "நேரம் இல்லை" என்று ஒரு தயாரிப்பாளர் சொன்னால், "அப்படியானால் ஆளும் ஏறமாட்டான்" என்று சொல்லும் உரிமை கலை இயக்குனருக்கு இருக்க வேண்டும்.

இரண்டாம் கடன்: சாட்சி

செட் உடையத்தான் வேண்டும். அடுத்த படத்துக்கு இடம் வேண்டுமே! ஐதராபாத் ராமோஜி பிலிம் சிட்டியில் 'பாகுபலி' செட்டை மக்கள் பார்ப்பதற்காக வைத்திருக்கிறார்கள். அதைப் படைத்தவர் சாபு சிரில். எல்லாச் செட்டையும் அப்படி வைத்திருக்க முடியாது. அதற்கு ஊர் போதாது!

ஆனால் செட்டுக்கு முன்னால் பிறந்த சித்திரம் இருக்கிறதே, அது ஏன் அழிய வேண்டும்? அந்த வரைபடம், அந்த அட்டை வீடு, அந்தப் போட்டோ எல்லாம் எங்கே?

சென்னையில் ஜெமினி ஸ்டூடியோ இருந்த இடத்தில் இன்று ஓட்டல் நிற்கிறது. பஸ் கண்டக்டர் 'ஜெமினி' என்று கூவுவதில் பெயர் மட்டும் வாழ்கிறது. பழைய படங்களைக் காக்க, புனேயில் 1964-ல் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். படச்சுருளுக்கு ஒரு வீடு கிடைத்தது. அதுபோல, தமிழ்ப் படங்களின் செட் சித்திரங்களுக்கும் சென்னையில் ஒரு வீடு வேண்டும்.

இது சினிமா மோகத்துக்காகச் சொல்வதல்ல. 1950-ல் தமிழ்நாட்டு நடுத்தரக் குடும்பத்தின் சமையலறை எப்படி இருந்தது? பேரன் கேட்டால் எதைக் காட்டுவது? வீடுகள் இடிந்துவிட்டன. கலை இயக்குனர் தேடித் தேடி அளந்து வரைந்த காகிதத்தில் அது இருக்கிறது. அந்தக் காகிதத்தைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போடலாமா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

எந்த வீட்டிலும் ஒரு பிள்ளை இருக்கும். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படம் வரையும். தீப்பெட்டியை அடுக்கி வீடு கட்டும். மார்கழியில் வாசல் முழுவதும் கோலம் போட்டு நிமிரும். "இது சோறு போடுமா?" என்று அப்பா நோட்டைப் பிடுங்குவார்.

சோறு போடும். உழைத்தால் போடும்.

வால்பாறையில் பிறந்த சாபு சிரில், சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியில் படித்தவர். தேசிய விருதை நான்கு முறை பெற்றார். அந்தக் கல்லூரி 1850-ல் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. புனே திரைப்படக் கல்லூரியில் கலை இயக்கத்துக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது.

ஆனால் பெற்றோரிடம் உண்மையை மறைக்கக் கூடாது. நிலையான மாதச் சம்பளம் இராது. ஒரு படம் முடிந்தால் அடுத்த படம் வரும் வரை காத்திருக்க வேண்டும். ஆரம்பத்தில் உதவியாளராகப் பல வருஷம் ஓட வேண்டும். தூக்கம் இராது. கடைக்குப் போய்ப் பழைய பூட்டு தேடுவதும் வேலை, ராத்திரி இரண்டு மணிக்குத் தரை துடைப்பதும் வேலை. வரையத் தெரிந்தால் மட்டும் போதாது. கணக்குத் தெரிய வேண்டும், மரம் தெரிய வேண்டும், மனிதரோடு பழகத் தெரிய வேண்டும். சரித்திரம் படிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் வரையவும் வேண்டும்.

"கம்ப்யூட்டர் வந்துவிட்டதே, இனிச் செட் எதற்கு?" என்று கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வானத்தைக் காட்டும், கோட்டையை உயர்த்தும். ஆனால் அந்த வானம் என்ன நிறம், அந்தக் கோட்டை என்ன காலம் என்று யாராவது முடிவு செய்ய வேண்டுமே! முடிவு செய்வது மனிதனின் கண். நடிகர் சாய்ந்து அழுவதற்கு ஒரு தூணாவது நிஜமாக வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கும் இது ஏற்ற வேலை. வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கும், எது இல்லாவிட்டால் வீடு வீடாகத் தெரியாது என்பதைப் பெண்களை விட நன்றாக அறிந்தவர் யார்?

மூன்றாம் கடன்: பெயர்

மூன்றாவது கடனைத் தீர்க்க அரசாங்கம் வேண்டாம். தயாரிப்பாளரும் வேண்டாம். பணமும் வேண்டாம். சினிமாவுக்குப் போகிற ஒவ்வொரு குடும்பமும் தானே தீர்க்கலாம்.

படம் தொடங்கும்போது திரையில் பெயர்கள் வருகின்றன. கதாநாயகன் பெயருக்குக் கை தட்டுகிறார்கள். இசையமைப்பாளர் பெயருக்கு விசில் அடிக்கிறார்கள். அதற்கு நடுவில் 'கலை' என்று இரண்டே எழுத்து வரும். அதன் கீழே ஒரு பெயர் வரும். கண் இமைக்கும் நேரத்தில் ஓடிவிடும்.

பள்ளியில் படிக்கிற பிள்ளை அதைப் பார்த்து உரக்கப் படிக்கட்டும். முதியோர் வகுப்பில் புதிதாக எழுத்துக் கற்ற தாய் அதைக் கூட்டிப் படிக்கட்டும். படிக்கத் தெரியாத பாட்டி கேட்கட்டும். படம் முடிந்து வரும்போது, "அந்த வீட்டைக் கட்டியவர் யார்?" என்று பாட்டி கேட்டால், குடும்பத்தில் ஒருவராவது பெயர் சொல்ல வேண்டும்.

வீடு இடிந்து போகட்டும். அதைக் கட்டியவரின் பெயரும் அதோடு இடிந்து போகக் கூடாது.